பிளேஜரிசம் வராம அசைன்மென்ட், டெசர்டேஷன் எழுதுறது எப்படி: மலையகத்துல இருந்து கெம்பஸ் போற தம்பி தங்கச்சிங்களுக்கு முழு வழிகாட்டி

நான் ஹட்டன் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல படிப்பிக்கிறேன். கெம்பஸ் லீவு விட்டா எங்க தோட்டத்து புள்ளைங்களும் பக்கத்து டிவிஷன் புள்ளைங்களும் அசைன்மென்ட், டெசர்டேஷன்னு தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வருவாங்க, பேராதனை, பதுளை, யாழ்ப்பாணம், மட்டக்களப்புன்னு எல்லா பக்கமும் படிக்கிறவங்க. பிளேஜரிசம்னா அடுத்தவங்க எழுத்தையோ கருத்தையோ அவங்க பேரை சொல்லாம நம்மளோடதா குடுக்கிறது. ஏழெட்டு வருஷமா பார்த்ததுல எனக்கு தெரிஞ்சது, திருடணும்னு நெனச்சு திருடுற புள்ளை ரொம்ப கொறைவு. மத்தவங்க எல்லாரும் மாட்டுறது நோட்ஸ் எடுக்கிற எடத்துல, எழுத ஆரம்பிக்கிறதுக்கு ரொம்ப முன்னுக்கே.

ஒரு தடவை மூணாவது வருஷம் படிக்கிற தங்கச்சி ஒருத்தி எங்க குசினியில உக்காந்து சீஆர் கொப்பியை விரிச்சா. நாற்பது பக்கம், முத்து முத்தான எழுத்து. நடுவுல ஒரு பந்தியை காட்டி "இது நீ எழுதினதாம்மா, புத்தகத்துல இருந்து எடுத்ததா"ன்னு கேட்டேன். அதை ரெண்டு தடவை வாசிச்சுட்டு "தெரியல அக்கா"ன்னா, கண்ணு கலங்கிருச்சு. ஃபோனை வாங்கி பார்த்தா லைப்ரரியில எடுத்த படம் நூத்துக்கு மேல, எல்லாம் புத்தகத்தோட நடுப்பக்கங்க, ஒரு அட்டை கூட இல்ல. சப்மிட் பண்ண அஞ்சு நாள் தான் இருந்துச்சு.

அதனால இந்த வழிகாட்டியில நான் ஒழுங்கை தான் அதிகமா பேசப்போறேன். சோர்ஸை பதியுறது, நோட்ஸ் எடுக்கிறது, கொப்பியை மூடிட்டு எழுதுறது, சைட்டேஷன் (இது யாரோட கருத்துன்னு பந்திக்குள்ள காட்டுறது), உசாத்துணைப் பட்டியல் (கடைசியில வர்ற சோர்ஸ் பட்டியல்), கடைசியா செக் பண்றது, இதே வரிசையில போகணும். முக்கால்வாசி பேர் எழுதி முடிச்சுட்டு தான் சோர்ஸ் தேடுறாங்க, அங்க தான் எல்லாம் குழம்பிப்போகுது.

ஆரம்பிக்க முன்னுக்கு கையில என்ன இருக்கணும்

டிபார்ட்மென்ட் குடுத்த கைநூலை முதல்ல தேடி எடுங்க. அதுல மூணு விஷயம் பார்க்கணும்: எந்த சைட்டேஷன் முறை (ஏபிஏவா, ஹார்வர்டா, வேற எதுவுமா), டர்னிட்டின் (நம்ம எழுத்து வேற எங்கயாவது இருக்கிறதோட ஒத்துப்போகுதான்னு பார்க்கிற சொஃப்ட்வெயார்) ரிப்போர்ட் கேக்குறாங்களா, ஏஐ பாவிக்கிறதை பத்தி என்ன சொல்லியிருக்காங்க. ஒரே கெம்பஸ்ல ரெண்டு பீடம் ரெண்டு மாதிரி ரூல் வச்சிருக்கும், அதனால வேற பீடத்துல படிக்கிற கூட்டாளி சொன்னதை நம்பி எறங்காதீங்க. கைநூல்ல இல்லாட்டி லெக்சரர்கிட்ட ஒரு ஈமெயில் போட்டு கேளுங்க, பதிலை அழிக்காம வச்சுக்கங்க.

அடுத்தது நோட்ஸுக்கு ஒரு எடம். லெப்டொப் இருந்தா ஸொட்டேரோ போடுங்க, காசு இல்லாம கிடைக்கும், சோர்ஸ் விவரத்தை சேமிச்சு பட்டியலையும் அதுவே செஞ்சு தரும். லெப்டொப் இல்லாட்டி கவலைப்படாதீங்க, ஒரு சீஆர் கொப்பியும் மூணு கலர் பேனாவும் போதும், எங்க லயத்து பக்கம் மழை பெஞ்சா சிக்னலே இருக்காது, அந்த நேரத்துல கொப்பி தான் கை குடுக்கும்.

டைப் பண்றது யூனிகோட்ல இருக்கட்டும். இன்னும் நெறைய பேர் பாமினிங்கிற பழைய எழுத்துருவுல டைப் பண்றாங்க, அது நம்ம கண்ணுக்கு தமிழா தெரிஞ்சாலும் கொம்பியூட்டருக்கு வெறும் இங்கிலீஷ் எழுத்து கூட்டம், தேடவும் முடியாது, செக் பண்ணவும் முடியாது. ரிப்போர்ட் தாறுமாறா வந்தா எதையோ மறைக்க பார்த்தீங்களோன்னு சந்தேகம் வேற வரும்.

நாள் கணக்கையும் பாருங்க. பத்து பக்க அசைன்மென்டுக்கு ரெண்டு கெழமையாவது வேணும். நான் பார்த்த கொப்பியடிப்புல பாதி கடைசி ராத்திரியில நடந்தது.

1. சோர்ஸை பதிஞ்சிட்டு அப்புறம் வாசிங்க

புத்தகத்தை கையில எடுத்த உடனே, முதல் வரி வாசிக்க முன்னுக்கு, ஆசிரியர் பேர், வருஷம், தலைப்பு, பதிப்பகம், ஊர் எல்லாத்தையும் எழுதுங்க. ஃபோன்ல படம் எடுக்கிறதா இருந்தா முதல் படம் அட்டை, ரெண்டாவது படம் பதிப்பு விவரம் போட்ட பக்கம், அப்புறம் தான் உள்பக்கங்க. ஒவ்வொரு படத்துலயும் பக்க இலக்கம் விழுதான்னு பாருங்க, ஃபோட்டோ கொப்பி கடையில விளிம்பு வெட்டுப்பட்டு இலக்கம் போயிரும், அப்படி போனா பேனாவால அங்கயே எழுதிருங்க.

ஒவ்வொரு சோர்ஸுக்கும் சின்ன அடையாளம் வைங்க, ச1, ச2, ச3ன்னு. கொப்பியோட கடைசி நாலு பக்கத்தை இதுக்குன்னே விட்டுருங்க, அங்க முழு விவரம், உள்ள நோட்ஸ்ல வெறும் அடையாளமும் பக்கமும். எழுத எழுத கை ஓயாம இருக்கணும்னா இது தான் லேசு.

கொழுந்து மடுவத்துல நிறுக்கிறதை பார்த்திருப்பீங்க, கூடையை தராசுல போட்ட அந்த நிமிஷமே யாரோட பேருல எத்தனை கிலோன்னு எழுதிருவாங்க. எல்லா கொழுந்தையும் ஒண்ணா கொட்டிட்டு சாயங்காலம் பிரிச்சுக்கலாம்னா யாராலயும் முடியாது, உங்க அம்மா பறிச்சது எது, பக்கத்து காம்பரா அக்கா பறிச்சது எதுன்னு யார் சொல்றது? நோட்ஸும் அப்படித்தான்.

நூலகம் இணையத்தளத்துல பழைய தமிழ் புத்தகம், பத்திரிகை எல்லாம் நெறைய கிடைக்குது, மலையகத்தை பத்தி எழுதுறவங்களுக்கு பெரிய உதவி. ஆனா அங்க வாசிச்சா "நூலகம்"னு மட்டும் போட்டா போதாது, அந்த அச்சுப் புத்தகத்தோட ஆசிரியர், வருஷம், பதிப்பகம் தான் உங்க சோர்ஸ், எங்க வாசிச்சீங்கங்கிறது அதுக்கு பின்னுக்கு வரும்.

வெப்சைட்டா இருந்தா நீங்க பார்த்த திகதியையும் போடுங்க, பக்கம் மாறிரும். வர்த்தமானின்னா இலக்கமும் திகதியும் கட்டாயம். தோட்டத் தொழிலாளர் நாள் சம்பளம் 2021 மார்ச்ல 1000 ரூபாயாச்சு, 2024 செப்டம்பர்ல அடிப்படைச் சம்பளம் 1350 ஆச்சு, திகதி இல்லாம வெறும் தொகையை நோட்ஸ்ல வச்சிருந்தா ஒரு வருஷம் கழிச்சு அது எந்த சம்பளம்னு உங்களுக்கே புரியாது.

2. நோட்ஸ்ல மூணு கலர்

புத்தகத்துல இருக்கிற வசனத்தை அப்படியே எடுத்தா சிவப்பு, மேற்கோள் குறியும் போட்டு. கருத்தை மட்டும் உங்க சொந்த வார்த்தையில எழுதினா நீலம். வாசிக்கும்போது உங்களுக்கு தோணினது, கேள்வி, சந்தேகம், "எங்க தோட்டத்துல இப்படி இல்லையே"ங்கிற மாதிரி வர்றது எல்லாம் பச்சை. சிவப்புக்கும் நீலத்துக்கும் பக்கத்துல ச1, பக்கம் 43ன்னு அடையாளம் கட்டாயம், பச்சைக்கு மட்டும் தேவையில்ல.

இது சின்னப்புள்ளை வேலை மாதிரி தெரியும். ரெண்டு மாசம் கழிச்சு கொப்பியை தொறக்கும்போது தான் அருமை தெரியும், ஏன்னா நாம எழுதி வச்ச நல்ல வசனத்தை பார்த்தா அது நம்மளோடதுன்னு மனசு நம்பிரும். பொய் சொல்ற புள்ளைங்க இல்ல இவங்க, நெசமாவே அப்படி நம்பித்தான் எழுதுறாங்க, அப்புறம் லெக்சரர் அந்த புத்தகத்தை மேசையில வச்சு காட்டும்போது அதிர்ந்து போறாங்க.

இங்க நடக்கிற பெரிய தவறு சிவப்பை கொறைக்காம விடுறது. பக்கம் பக்கமா அப்படியே எழுதினா எழுத உக்காரும்போது உங்ககிட்ட இருக்கிறது அடுத்தவங்க வசனம் மட்டும் தான். ஒரு பந்தியை வாசிங்க, புத்தகத்தை கவுத்து வைங்க, பக்கத்துல இருக்கிறவங்களுக்கு சொல்ற மாதிரி ரெண்டு வரி நீலத்துல எழுதுங்க. எழுத வரலைன்னா இன்னும் புரியலைன்னு அர்த்தம், திரும்ப வாசிக்கணும். பச்சை ஒண்ணுமே இல்லாத கொப்பியா இருந்தா அது எனக்கு கவலையா இருக்கும், நீங்க தோட்டத்துல பொறந்து வளர்ந்தவங்க, அந்த புத்தகத்தை எழுதினவருக்கு தெரியாதது உங்களுக்கு தெரிஞ்சிருக்கும், அதை எழுதுங்க.

3. இங்கிலீஷ்ல வாசிச்சு தமிழ்ல எழுதும்போது

தமிழ் மீடியம் புள்ளைங்க அதிகமா மாட்டுறது இங்க தான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். இங்கிலீஷ் கட்டுரையை கூகுள் ட்ரான்ஸ்லேட்ல போட்டு வந்த தமிழை கொஞ்சம் திருத்தி அசைன்மென்ட்ல வச்சா அது பிளேஜரிசம் தான். மொழி மாறினதால ஆள் மாறல, யோசிச்சது அவங்க, உதாரணம் தேடினது அவங்க, ஒண்ணுக்கு பின்னால ஒண்ணா அடுக்கினது அவங்க. "அக்கா நான் கஷ்டப்பட்டு மொழிபெயர்த்தேன், அது என்னோட வேலை தானே"ன்னு கேப்பாங்க. மொழிபெயர்த்த உழைப்பு உங்களோடது, கருத்து அவங்களோடது, அதை சொல்லிட்டா ஒரு பிரச்சினையும் இல்ல.

ஏபிஏ ஏழாம் பதிப்புல, நீங்களே மொழிபெயர்த்த வசனத்தை நேரடி மேற்கோளா எடுக்காம சொந்த வார்த்தையில சொன்னதா தான் எடுப்பாங்க, அதனால மேற்கோள் குறி வேணாம், ஆனா ஆசிரியர் பேரும் வருஷமும் கட்டாயம். நான் பக்க இலக்கத்தையும் போடச்சொல்லுவேன், லெக்சரர் மூலத்தை பார்க்கணும்னா லேசா இருக்கும். சில டிபார்ட்மென்ட் "மொழிபெயர்ப்பு என்னுடையது"ன்னு எழுதச்சொல்லும், கைநூலை பாருங்க.

ஆனா அஞ்சு பக்கத்தை வரிசையா மொழிபெயர்த்துட்டு கடைசியில ஒரே ஒரு பேர் போட்டா ஆகாது, எந்த வரி யாரோடதுன்னு வாசிக்கிறவங்களுக்கு தெரியாம போயிரும். ஒவ்வொரு கருத்து மாறுற எடத்துலயும் போடுங்க.

செய்யுற முறை இது. முதல்ல இங்கிலீஷ் பந்தியை முழுசா வாசிச்சு தெரியாத சொல்லை அகராதியில பாருங்க, வேணும்னா ட்ரான்ஸ்லேட்டை வெளங்கிக்கிறதுக்கு பாவிங்க, அதை மூடிட்டு நீல நோட்ஸ் தமிழ்ல எழுதுங்க. ட்ரான்ஸ்லேட்ல வந்ததை கொப்பி பண்ணி நோட்ஸ்ல ஒட்டவே ஒட்டாதீங்க. ஒட்டுனது ஒட்டுனபடியே டெசர்டேஷன் வரைக்கும் வந்துரும், அதோட அர்த்தமும் கெட்டுப்போகும், தேயிலை "எஸ்டேட்"டை செத்தவங்க விட்டுட்டுப் போன சொத்துன்னு மாத்தி வச்ச அசைன்மென்ட்டை நான் என் கண்ணால பார்த்திருக்கேன்.

தமிழ்ல எழுதினா மெஷின் பிடிக்காதுன்னு சில பேர் தைரியம் சொல்லுவாங்க, கேக்காதீங்க. உங்க லெக்சரர் அந்த துறையில இருபது வருஷமா அதே கட்டுரைங்களை வாசிச்சவர், ரெண்டாவது பந்தியிலயே மூலம் தெரிஞ்சிரும்.

4. சொந்த வசனத்துல எழுதுறது

பழகுறதுக்காக நானே ஒரு வசனம் எழுதுறேன், இதை மூலம்னு வச்சுக்கங்க: "தோட்டத்துப் பிள்ளைகள் சாதாரண தரத்துக்கு முன்பே பாடசாலையை விட்டு விலகுவதற்கு வறுமை மட்டும் காரணமல்ல, பாடசாலைக்கு நடந்து செல்லும் தூரமும் கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறையும் சேர்ந்தே காரணமாகின்றன."

புள்ளைங்க இதை இப்படி மாத்துவாங்க: "பெருந்தோட்டச் சிறுவர்கள் சாதாரண தரத்திற்கு முன்னரே கல்லூரியை விட்டு நீங்குவதற்கு ஏழ்மை மாத்திரம் காரணமன்று, கல்லூரிக்கு நடந்து போகும் தொலைவும் கணித, அறிவியல் ஆசிரியர் குறைபாடும் இணைந்தே காரணமாகின்றன." சொல்லுக்கு சொல் மாத்தியிருக்கு, எலும்புக்கூடு அப்படியே தான் நிக்குது. கீழ பேர் போட்டிருந்தாலும் இது தப்பு தான், ஏன்னா வாசிக்கிறவங்க இந்த வசனத்தை நீங்க அமைச்சதா நெனைப்பாங்க. பாடசாலையை கல்லூரியாக்கி அர்த்தத்தையும் மாத்தியாச்சு.

கொப்பியை மூடிட்டு எழுதினா வேற மாதிரி வரும்: "இடைவிலகலை வருமானத்தோடு மட்டும் இணைத்துப் பார்த்தால் பாடசாலையின் பங்கு மறைந்துவிடும் என்பது (ஆசிரியர், வருடம்) வாதம். தூரம், பாட ஆசிரியர் இன்மை ஆகிய இரண்டையும் அவர் வறுமைக்குச் சமமாக வைக்கிறார். நான் சந்தித்த பெற்றோர் தூரத்தை விட ஆசிரியர் இன்மையையே அதிகம் பேசினார்கள்." மூணாவது வசனத்தை பாருங்க, பச்சை பேனா நோட்ஸ் அங்க தான் வந்து சேருது.

சொந்த வசனத்துல சொல்லும்போது கருத்தை மாத்திரக்கூடாது, இதுவும் நேர்மை சம்பந்தப்பட்டது தான். 2012 குடிசன மதிப்பீட்டுல இந்தியத் தமிழர்னு பதிவானவங்க 839,504 பேர். அதை "மலையகத் தமிழர் 839,504 பேர்"னு எழுதினா சின்ன மாத்தம் மாதிரி இருக்கும், ஆனா எங்க ஆளுங்கள்ல நெறைய பேர் இலங்கைத் தமிழர்னு பதிஞ்சிருக்காங்க, அவங்க அந்த கணக்குல இல்ல. மூலத்துல என்ன பேர் போட்டிருக்கோ அதே பேர்ல எண்ணிக்கையை சொல்லுங்க, உங்க விளக்கத்தை அடுத்த வசனத்துல வைங்க.

எப்ப அப்படியே மேற்கோள் எடுக்கலாம்? சட்டத்தோட வாசகம், ஒருத்தர் குடுத்த வரைவிலக்கணம், பேட்டி குடுத்தவங்களோட வார்த்தை, இதுக்கெல்லாம் எடுங்க. மத்தபடி கொறைங்க. ஏபிஏயில நாற்பது சொல்லோ அதுக்கு மேலயோ வந்தா தனியா உள்ள தள்ளி பந்தியா வைக்கணும், மேற்கோள் குறி போடக்கூடாது.

5. எதுக்கு சைட்டேஷன், எதுக்கு வேணாம்

பயந்துபோய் எல்லா வரிக்கும் போடுறவங்களும் இருக்காங்க, ஒண்ணுக்குமே போடாதவங்களும் இருக்காங்க. 1948ல பிரஜாவுரிமைச் சட்டம் வந்துச்சு, 1964ல மலையக மக்களோட பிரஜாவுரிமையை பத்தி இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடுவுல சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, இதெல்லாம் எல்லா புத்தகத்துலயும் இருக்கிற பொது விஷயம், சைட்டேஷன் இல்லாம சொல்லலாம்.

எண்ணிக்கை வந்த உடனே சோர்ஸ் வேணும். 1964 ஒப்பந்தப்படி இந்தியா 525,000 பேரை எடுத்துக்கணும், இலங்கை 300,000 பேருக்கு பிரஜாவுரிமை குடுக்கணும், மிச்சம் 150,000 பேரை பத்தி பின்னுக்கு பேசுவோம்னு விட்டாங்க, அதை 1974ல பாதி பாதியா பிரிச்சாங்க. இப்ப ஒருத்தர் "525,000 பேர் இந்தியாவுக்கு போனாங்க"ன்னு எழுதிட்டா, அதை பார்த்து இன்னொருத்தர், அவரை பார்த்து நம்ம புள்ளைன்னு சங்கிலியா வரும். ஒப்பந்தத்துல எழுதின கணக்கு வேற, நெசமா கப்பல் ஏறினவங்க கணக்கு வேற, போனவங்க அதை விட கொறைவு. மூலத்தை போய் பார்த்தா இந்த தவறு நம்மளை தாண்டி போகாம நின்னுரும்.

மூலம் கிடைக்கலைன்னா, நீங்க வாசிக்காத புத்தகத்தை வாசிச்ச மாதிரி பட்டியல்ல போடாதீங்க. ஒருத்தரோட கருத்தை இன்னொருத்தர் புத்தகத்துல படிச்சீங்கன்னா "இன்னார் எடுத்துக்காட்டியபடி"ன்னு சொல்லுங்க, பட்டியல்ல நீங்க கையில எடுத்த புத்தகம் மட்டும் வரணும்.

உங்களுக்கு சந்தேகமா இருந்தா போட்டுருங்க. கூட போட்டா லெக்சரர் வெட்டச்சொல்லுவார், அவ்வளவு தான்.

6. தோட்டத்துல எடுக்கிற டேட்டா

டெசர்டேஷன்னா நம்ம புள்ளைங்க அதிகமா சொந்த தோட்டத்துலயே வினாக்கொத்து குடுத்து, நேர்காணல் எடுத்து செய்யுறாங்க. இதுல கொப்பியடிக்கிறதை விட பெரிய குத்தம் ஒண்ணு இருக்கு, வினாக்கொத்தை தானே உக்காந்து நெரப்புறது. ஒரு தம்பி கொண்டுவந்த அம்பது தாளை நான் புரட்டி பார்த்தேன், எல்லாத்துலயும் ஒரே நீல பேனா, ஒரே சாய்வு, ஒரே நாள் திகதி, ஒரு தாளுல கூட அடிச்சுத் திருத்தினது இல்ல, ஒருத்தராவது ஒரு கேள்வியை விட்டிருக்கணும், அதுவும் இல்ல. மலைக்கு போன ஆளுங்க சாயங்காலம் தான் லயத்துக்கு வருவாங்க, குளிச்சு அடுப்பு பத்தவைக்கவே நேரம் சரியா இருக்கும், ஒரே நாள்ல அம்பது பேரை எப்படி பார்த்தன்னு கேட்டேன். அவன் தலையை குனிஞ்சான். பன்னிரண்டு பேர் தான் நெசம்.

அந்த பன்னிரண்டை வச்சே எழுதச்சொன்னேன். "அம்பது திட்டமிட்டேன், கொழுந்து கூடின காலமா இருந்ததால பன்னிரண்டு தான் கிடைச்சது"ன்னு ஆய்வின் எல்லைங்கிற பகுதியில எழுதினா அது மரியாதையான ஆய்வு. சுப்பவைசர்கிட்ட முன்கூட்டியே சொல்லி, வினாக்கொத்தை விட்டுட்டு நீண்ட நேர்காணலா மாத்திக்கலாம். இல்லாத முப்பத்தெட்டு பேரை உருவாக்குறது எங்க ஆளுங்க வாயில சொல்லாததை சொன்னதா ஆக்குறது, நாளைக்கு வேற யாராவது அதை நம்பி எழுதுவாங்க. இது எனக்கு மனசுக்கு ரொம்ப நோகுற விஷயம்.

ஒழுங்கு இப்படி இருக்கட்டும். முதல்ல டிபார்ட்மென்ட்ல கடிதம் வாங்குங்க, தோட்ட நிர்வாகத்துகிட்ட அனுமதி கேளுங்க, அப்புறம் பேசப்போற ஆளுகிட்ட தனியா அனுமதி கேளுங்க. துரை சரின்னு சொன்னது அந்த அம்மா சரின்னு சொன்னதா ஆகாது. எதுக்கு கேக்குறோம், யார் வாசிப்பாங்க, நடுவுல நிறுத்தலாம்னு சொல்லிட்டு, ரெக்கோர்ட் பண்ணலாமான்னு கேட்டுட்டு தான் ஃபோனை எடுக்கணும்.

பேரை மாத்திட்டா போதும்னு நெனைக்காதீங்க. "இன்ன டிவிஷன், 58 வயது, மூன்று தடவை தோட்டத் தலைவராக இருந்தவர்"னு எழுதினா பேர் இல்லாமலே தோட்டம் முழுக்க யாருன்னு சொல்லிரும். தோட்டத்து பேர், டிவிஷன், பதவி எல்லாத்தையும் ஒண்ணா போடாதீங்க.

நீங்க எடுத்த நேர்காணலை உசாத்துணைப் பட்டியல்ல போடவேண்டியதில்ல, ஏபிஏயில அது உங்க டேட்டா, பந்திக்குள்ளயே "நேர்காணல் 4, கொழுந்து பறிக்கும் பெண்"னு அடையாளம் போதும். ரெக்கோர்டிங், நெரப்பின தாள் எல்லாம் ரிசல்ட் வந்த பிறகும் கொஞ்ச நாள் பத்திரமா வைங்க.

7. ஏஐ பாவிக்கிறவங்களுக்கு

கைநூல் வேணாம்னு சொன்னா வேணாம், அதுல பேச்சே இல்ல. பாவிக்கலாம்னு சொன்னா எதுக்கு பாவிச்சீங்கன்னு எழுதி வைக்கணும்.

சேட்ஜிபிடி மாதிரி ஏஐகிட்ட "மலையக கல்வி பத்தி பத்து ரெஃபரன்ஸ் குடு"ன்னு கேட்டா பத்து குடுக்கும், ஆசிரியர் பேர், வருஷம், ஜேர்னல் பேர் எல்லாம் அச்சு அசலா இருக்கும், தேடி பார்த்தா அதுல சிலது உலகத்துலயே இல்ல. அதனால ஒவ்வொண்ணையும் கூகுள் ஸ்கொலர்லயோ, இலங்கை ஜேர்னல்ங்களுக்கான எஸ்எல்ஜோல் தளத்துலயோ தேடி, தொறந்து, வாசிச்சுட்டு தான் பட்டியல்ல சேர்க்கணும். இல்லாத புத்தகத்தை பட்டியல்ல போட்டது தெரிஞ்சா தெரியாம செஞ்சேன்னு சொல்லி தப்ப முடியாது.

ஏஐ எழுதின பந்தியை உங்களோடதா குடுக்காதீங்க. சந்தேகம் வந்து லெக்சரர் கூப்பிட்டு "இந்த பந்தியை விளக்கு"ன்னு கேட்டா பதில் சொல்ல வேண்டியது நீங்க. ஏஐ கண்டுபிடிக்கிற மெஷினும் தவறு விடும், நீங்களே எழுதினதை ஏஐன்னு சொல்லிரலாம், அப்ப உங்களை காப்பாத்துறது சீஆர் கொப்பியும் பழைய ட்ராஃப்ட்டும் தான்.

8. சீனியர், பெட்ச் மேட், கடை

சீனியரோட அசைன்மென்ட்டை வாசிக்கலாம், எப்படி அமைச்சிருக்காங்கன்னு பார்க்கலாம். அந்த ஃபைலையே தொறந்து பேரை மாத்தி எழுத ஆரம்பிக்கிறது தான் வழுக்குற எடம், அதனால ஃபோன்ல வாசிச்சுட்டு மூடிட்டு, உங்க வேலையை வெறும் புது ஃபைல்ல ஆரம்பிங்க.

குடுக்கிறவங்களும் யோசிக்கணும். "மச்சான் சும்மா பார்த்துட்டு தர்றேன்"னு வட்ஸ்அப்ல கேட்டு வாங்கி அப்படியே சப்மிட் பண்ணிட்டா ரெண்டு பேரையும் தான் கூப்பிடுவாங்க, யார் யாரை பார்த்து எழுதினாங்கன்னு உங்களால நிரூபிக்க முடியாது. பேசுங்க, சொல்லிக்குடுங்க, புத்தகம் பகிருங்க, ஃபைல் மட்டும் அனுப்பாதீங்க.

குரூப் வேலைன்னா யார் எந்த பகுதின்னு முதல் நாளே எழுதி வைங்க, ஒருத்தர் கொப்பியடிச்சாலும் எல்லார் பேரும் கெடும், அதனால சப்மிட் பண்ண முன்னுக்கு ஒருத்தர் பகுதியை இன்னொருத்தர் வாசிச்சு சோர்ஸ் கேக்கணும். தனி அசைன்மென்ட்ல சேர்ந்து எழுதுறது வேற விஷயம், அது அனுமதி இல்லாம செய்யக்கூடாது. போன செமஸ்டர்ல நீங்களே எழுதினதை இந்த செமஸ்டர்ல திரும்ப குடுக்கிறதும் கேட்டுட்டு தான் செய்யணும்.

காசுக்கு எழுதி தர்ற ஆளுங்க பக்கம் போகவே போகாதீங்க. உங்க பேர், ஃபோன் நம்பர், காசு அனுப்பின ஸ்லிப் எல்லாம் அவங்க கையில இருக்கும்.

9. கடைசி மூணு நாள்: பட்டியலும் டர்னிட்டினும்

முதல்ல உசாத்துணைப் பட்டியலை சரிபாருங்க. பந்திக்குள்ள இருக்கிற ஒவ்வொரு பேரும் பட்டியல்ல இருக்கணும், பட்டியல்ல இருக்கிற ஒவ்வொண்ணும் பந்திக்குள்ள வந்திருக்கணும். பிரிண்ட் எடுத்து பேனாவால டிக் பண்ணி பாருங்க, திரையில பார்த்தா கண்ணு தாண்டிரும்.

அப்புறம் தான் டர்னிட்டின். அது திருட்டை கண்டுபிடிக்கிற மெஷின்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, அது காட்டுறது வேற எங்கயாவது இருக்கிற எழுத்தோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு மட்டும் தான். மேற்கோளும் உசாத்துணைப் பட்டியலும் கூட சதவீதத்துல ஏறும், அதை விலக்கி பார்க்கவும் வழி இருக்கு. 25 வந்தும் எல்லாம் முறையா மேற்கோள் காட்டினதா இருக்கலாம், 4 வந்தும் அந்த 4 முழுக்க ஒரே பந்தியை திருடினதா இருக்கலாம். அதனால நம்பரை விட்டுட்டு கலர் விழுந்த ஒவ்வொரு எடத்தையும் தொறந்து பாருங்க, சோர்ஸ் இருக்கா, மேற்கோள் குறி இருக்கா, எலும்புக்கூடு அவங்களோடதா.

சதவீதத்தை கொறைக்கிறதுக்காக சொல்லை மாத்திக்கிட்டு இருக்காதீங்க, 4ஆவது பகுதியில சொன்ன அதே தப்பை அது மறைச்சு வைக்கும்.

இன்னொண்ணு, டவுன்ல ஏதாவது கடையில காசு குடுத்து ட்ராஃப்ட்டை செக் பண்ண குடுக்கிறாங்க. அவங்க பாவிக்கிற எக்கவுன்ட் உங்க ஃபைலை டர்னிட்டினோட களஞ்சியத்துல சேமிச்சு வச்சிட்டா, அப்புறம் நீங்க ஒழுங்கா சப்மிட் பண்ணும்போது உங்க எழுத்தே உங்க எழுத்தோட ஒத்துப்போய் 90க்கு மேல காட்டும். செக் பண்ணணும்னா லைப்ரரியிலயோ சுப்பவைசர்கிட்டயோ கேளுங்க.

10. நோட்ஸ் ஏற்கனவே குழம்பிப்போச்சுன்னா

சப்மிட் பண்ண முன்னுக்கு கண்டுபிடிச்சா வழி இருக்கு. சந்தேகமான ஒவ்வொரு பந்தியையும் மஞ்சள் அடிங்க. அதுல இருந்து வழக்கத்துக்கு மாறான ஒரு சொற்றொடரை எடுத்து மேற்கோள் குறிக்குள்ள போட்டு கூகுள்ல தேடுங்க, இல்லாட்டி லைப்ரரி தட்டுல அந்த புத்தகத்தை திரும்ப எடுங்க. சோர்ஸ் கிடைச்சா போடுங்க, கிடைக்காதது எவ்வளவு அழகான பந்தியா இருந்தாலும் வெட்டுங்க. நேரம் போதாதுன்னா லெக்சரர்கிட்ட உண்மையை சொல்லி நாள் கேளுங்க, சாக்கு சொல்லாதீங்க.

சப்மிட் பண்ணின பிறகு தெரிஞ்சா அவங்க கூப்பிடுற வரைக்கும் காத்திருக்காதீங்க, நீங்களே போய் எந்த பந்தி, எந்த சோர்ஸ்னு எழுதி குடுங்க. விசாரணைக்கு கூப்பிட்டாங்கன்னா கொப்பி, ட்ராஃப்ட், படங்க எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு போங்க, செஞ்சதை செஞ்சேன்னும் செய்யாததை செய்யலைன்னும் சொல்லுங்க, கூட்டாளி பேரை இழுத்து தப்பிக்க பார்க்காதீங்க.

அந்த தங்கச்சி அஞ்சு நாள்ல இதைத்தான் செஞ்சா. மறுநாள் விடியக்காலை கோச்சியில கெம்பஸுக்கு போயி, லைப்ரரியில ரெண்டு நாள் உக்காந்து, ஃபோன்ல இருந்த நடுப்பக்கங்களை புத்தகத்தோட ஒண்ணொண்ணா ஒத்துப்பார்த்தா. பதினோரு பந்திக்கு சோர்ஸ் கிடைச்சுச்சு, ஆறு பந்தியை வெட்டினா. வெட்டின எடத்துல அவங்க அம்மா சொன்ன லயத்து கதையை, அம்மாகிட்ட கேட்டுட்டு, நேர்காணல் 1ன்னு போட்டு சேர்த்தா. ரெண்டு நாள் கூட கேட்டு வாங்கி சப்மிட் பண்ணிட்டு எனக்கு ஃபோட்டோ அனுப்பினா, புது சீஆர் கொப்பி, முதல் பக்கத்துல ச1, அதுக்கு கீழ புத்தகத்தோட முழு விவரம்.